மிதி

'மிதி' என்று சுயம்புராஜ் சொல்லி முடிப்பதற்குள் பிரேக் எண்ணெய் வந்துவிட்டது.

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன், சக்கரத்தின் நிப்பிளை இன்னும் முழுதாகத் தளர்த்தக்கூட இல்லை. அதற்குள் அதில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாய் வழியாக எண்ணெய் குமிழ்விட்டுக்கொண்டு பாட்டிலுக்குள் இறங்கியது. மேலே கேபினில் மனைவி ஆதிரா அவசரப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். பிரேக்கில் ஏர் எடுப்பது ஓராள் வேலையில்லை. மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழே ஒருவர் நிப்பிளைத் திறந்து, சிக்கிய காற்றை வெளியே விட வேண்டும். சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த கராஜில் அதற்கு ஆள் இருந்தது. இங்கே அவள்தான்.

ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட வண்டி அது. வட்டக்கோட்டையில் கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படம் எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆசையோடு வாங்கியிருந்தான். பச்சைப் பெயின்டைச் சுரண்டினால் அடியில் இன்னொரு பச்சை வந்தது. இன்ஜின் ஓடியது, கியர் விழுந்தது. பிரேக் மட்டும் நிலைக்கவில்லை. எத்தனை முறை சரிசெய்தாலும் மறுநாள் காலையில் பெடல் பஞ்சாகக் கிடக்கும், ராத்திரியெல்லாம் யாரோ உட்கார்ந்து மிதித்துப் பழகிய மாதிரி.

வெளியே ஐப்பசி மழை ஷெட்டின் தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்ட அந்தச் சாயங்கால இருட்டில், தலைமாட்டில் வைத்திருந்த சார்ஜ் லைட்டின் வெளிச்சம் ஆக்சிலையும் சேஸிஸையும் தாண்டிப் போகாமல், அவற்றின் நிழலை மட்டும் ஷெட் சுவர்வரை நீட்டிப் போட்டிருந்தது.

"ஏட்டி, மெதுவா மிதி. நான் சொன்ன பிறவு மிதிச்சா போதும்."

சீட்டின் ஸ்பிரிங் ஒரு முறை முனகியது.

வழக்கமாக அவள் வாய் ஓயாது. முதுகு வலிக்கிறது என்பாள், அடுப்பில் பால் இருக்கிறது என்பாள். இன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. கதவு அடைத்த சத்தம் கேட்டதோடு சரி. டீசலுக்கும் துருவுக்கும் நடுவே இன்னொரு வாசனை மெல்ல இறங்கி வந்தது. பல நாள் தண்ணீரில் கிடந்து, காயாமல் சுருட்டி வைத்த கம்பளியின் வாசனை.

"பெடல் இறுகியாச்சா?" என்று கேட்டான்.

தலைக்கு மேல் கேபின் தரையில் இரண்டு தட்டு. ஈரமான, சதை கனத்த தட்டு. விளையாடுகிறாள் என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மார்பின் மேல் கிடந்த போன் அடித்தது. கை முழுக்க எண்ணெய். புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"கேக்குதா? நான் கொட்டாரம் ஜங்ஷன்ல நிக்கேன், மருந்துக்கடை வாசல்ல. மழை விடல்ல பாத்துக்கிடுங்க."

ஆதிராவின் குரல். பின்னால் பஸ் ஹாரன்.

"எப்ப போன?"

"சொல்லிட்டுத்தானே வந்தேன்? அடியில கெடந்து டங்கு டங்குன்னு அடிச்சிட்டிருந்திய. போயிட்டு வான்னு சொன்னிய."

"நான் சொல்லல்ல."

"பின்ன யாரு சொன்னா?"

மேலே பெடல் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. திறந்த நிப்பிளிலிருந்து குழாய் தெறித்து, எண்ணெய் அவன் கழுத்தில் வழிந்தது. மேலே பார்க்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. முழங்கையை ஊன்றி, குதிகாலை உந்தி, கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்த வாசல் பக்கமாக நகர்ந்தான்.

ஸ்டீயரிங் கிறீச்சிட்டது.

ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த முன்சக்கரம் அவன் பக்கமாகத் திரும்பியது. மெதுவாக. டயர் முழங்காலைத் தொட்டது. தள்ளியது. அடியில் முட்டுக்கொடுத்திருந்த கட்டையோடு சேர்த்து நெரித்தது. வலியில் உடம்பு வில்லாக வளைந்தது. போன் மார்பிலிருந்து உருண்டு, எட்டாத தூரத்தில் விழுந்தது.

"என்னாச்சு? இருக்கியளா?"

'வராதே' என்று கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினான். காற்று.

மேலிருந்து சுயம்புராஜின் குரல் சொன்னது, "ஒண்ணுமில்ல மக்கா. சீக்கிரம் வா. பெடல் மிதிக்க ஒரு ஆளு வேணும்."

அவன் குரலேதான். பேச்சை அவன் இழுக்கிற அதே இழுப்பு.

"இந்தா ஆட்டோ வந்தாச்சு. ஏறிட்டேன்."

போன் அணைந்தது.

காலை இழுத்தான். தோல் உரிந்தது, கால் வரவில்லை. ஜாக்கிக்குக் கை நீட்டினான், எட்டவில்லை. மழை. மேலே மூச்சு. மழை.

ஆட்டோவின் சத்தம் வாசலில் நின்றது.

அவள் கால்கள் தெரிந்தன. நனைந்த சுடிதார், சேறு படிந்த விரல்கள். ஸ்பானரால் ஆக்சிலில் ஓங்கி அடித்தான். ஒரு அடி. இரண்டு.

"யாரது கீழ?" கால்கள் நின்றன. முழங்கால் மடங்கியது. குனிகிறாள். அவள் கன்னத்தின் ஓரம்கூடத் தெரிந்தது.

"தெருநாய் மழைக்கு ஒதுங்கியிருக்கு," என்றது மேலிருந்து அவன் குரல். "கடிச்சிரும். நீ ஏறு."

கன்னம் மறைந்தது.

கேபின் கதவு உள்ளிருந்து திறந்தது. கால்கள் படியில் ஏறின.

"கொஞ்சம் தள்ளி இருங்க. என்ன இருட்டு இது. ஏன் இப்படி நனைஞ்சிருக்கிய?"

கதவு மூடிக்கொண்டது.

ஸ்பானர் கையிலிருந்து நழுவியது. அவள் போன் டார்ச்சைப் போட்டிருக்க வேண்டும். கேபின் தரையில், பெடல் தண்டு இறங்கும் பிளவு வழியாக, அவன் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பெடலின் மேல் ஆதிராவின் கால். மெட்டி மின்னியது.

அந்தக் காலின் மேல் இன்னொரு கால் வந்து அமர்ந்தது. ஊறி வெளுத்தது. நகங்கள் இல்லாதது. அடியிலிருந்து அவள் விரல்கள் துடித்து, மடங்கி, உருவப் பார்த்தன.

இரண்டு கால்களும் சேர்ந்து, நிதானமாக, பெடலைக் கடைசிவரை அழுத்தின.