இரண்டிலும் இல்லை

காதுகுத்து வீடியோவில் மாரிசெல்வியின் அழுகைச் சத்தம் மட்டும் இல்லை.

மாதவன் ஒலியைக் கூட்டிவைத்தான். நாதஸ்வரம் கேட்டது. பந்தலுக்குள் எவரோ இருமினார்கள். "அந்தா பாரு காக்கா" என்று ஆசாரி பிள்ளையை ஏய்த்தது தெளிவாகக் கேட்டது. மாமன் மடியில் மொட்டைத் தலையோடு இருந்த மாரிசெல்வி வாயைப் பிளந்து, முகம் சிவந்து, கண்ணீர் வழிய அழுதாள். சத்தம் வரவில்லை. பூச்சரத்திலிருந்து நாரை மட்டும் உருவியதுபோல அதை மட்டும் யாரோ உருவி எடுத்திருந்தார்கள்.

மாரிசெல்வி போன ஐப்பசியில், ஏழு வயது முடிந்த இரண்டாம் மாதம், மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோன அவனுடைய ஒரே மகள்.

மாதவன் கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடுப்பவன். வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. மாப்பிள்ளையையும் பெண்ணையும் கம்ப்யூட்டரில் சுவிட்சர்லாந்துப் பனிமலைமேல் நிறுத்துவதில் கெட்டிக்காரன்; அதில் பாதி ஜோடி பக்கத்தூர் கயத்தாறைக்கூடத் தாண்டியிருக்காது. மகளை மட்டும் எந்த மலைமேலும் நிறுத்தாமல், மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோவாக வைத்திருந்தான்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செண்பகராஜ் அன்றைக்கே விவரமாகச் சொன்னான்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. வாரம் ஒருக்கா தனி டிஸ்க்ல காப்பி எடுத்து பீரோவுல பூட்டிருங்க. இல்லன்னா மிரர். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க். ஒண்ணுல விழுதது அந்த நொடியே அடுத்ததுலயும் விழும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கும்."

"மிரரே போடு."

"முழுசாக் கேளுங்க. ஒண்ணுல அழிஞ்சா அடுத்ததுலயும் அழிஞ்சிரும். பீரோவுல இருக்கதுதான் மாறாம இருக்கும்."

"வாரம் ஒருக்கான்னா மறந்துருவேம்லே."

மறந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் அவன் செல்போன் வீடியோவில் ஏதோ கதை சொன்னாள். நாளைக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டான். மறுநாள் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. அன்றிலிருந்து அவன் தன்னை நம்புவதில்லை. பெட்டியை நம்பினான்.

இப்போது இரண்டாவது டிஸ்கைக் கழற்றித் தனியாக மாட்டிப் பார்த்தான். அதிலும் அதே ஊமை அழுகை.

"ஏட்டி கற்பகம், காது குத்துனப்ப பாப்பா எம்புட்டுச் சத்தமா அழுதா?"

மனைவி கரண்டியோடு வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"சத்தம் எப்படிங்க வரும்? அவளுக்குத்தான் பொறந்ததுலருந்து வாயே வராதே."

அடுப்பில் வெங்காயம் கருகும் வாசம் வந்தது. அவள் உள்ளே ஓடினாள். பள்ளிக்கூடத்தில் அதிகம் பேசியதற்காக வாரம் இரண்டு முறை வெளியே நின்றவள் மாரிசெல்வி.

மாதவன் போன் செய்ததும், மத்தியானம் செண்பகராஜ் புது டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தான். "ஆடியோ போயிருக்கும் அண்ணாச்சி. எங்க வீட்ல ஆடியோ மட்டும் போகவே மாட்டேங்குது" என்று சிரித்தவன், மாதவனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "இருக்கது போறதுக்குள்ள இதுல காப்பி ஏத்திருங்க. நாலு மணி நேரம் ஆவும்."

அவன் போன பிறகு கரிசல்காட்டுக் காற்று எழுந்து ஷட்டரை உலுக்கியது. தீப்பெட்டி ஆபீஸின் மருந்து நெடியும், எங்கோ கடலைமிட்டாய்க்குக் காய்ச்சுகிற பாகின் வாசமும் மாறிமாறி வந்து அறைக்குள் தங்கின. அவற்றுக்கு அடியில், நகத்தால் மரத்தைத் தட்டுவதுபோல, பெட்டிக்குள் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. டக். கொஞ்ச நேரம் கழித்து, டக்.

புது டிஸ்கில் ஏறிய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். இடைசெவலில் பருத்திக்காட்டு வரப்பில் அவள் ஓடிவந்தாள். பருத்திச்செடிக்கு நிழல் இருந்தது. கூட ஓடிய நாய்க்கு இருந்தது. அவளுக்கு இல்லை.

டக்.

பள்ளி ஆண்டுவிழா. எட்டுப் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து ஆட வேண்டும். ஏழு பேர் ஆடினார்கள். ஓர் ஆள் இடைவெளி விட்டு நின்ற இருவர் அதற்குள் கையை நீட்டி, எதையோ இறுகப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள்.

நிமிர்ந்தான். சுவரில் சந்தன மாலை தொங்கியது. மாலைக்குள் மகளின் போட்டோ இல்லை. வெறும் சுண்ணாம்பு.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். அதன் விளக்குகள் அணைந்தன.

டக்.

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. அவன் நெற்றிப்பொட்டுக்குள்ளிருந்து வந்தது.

கண்ணை இறுக மூடினான். நினைவிலிருந்து எடுத்து அடுக்கினான். இடது காதுக்குப் பின்னால் மச்சம். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. தயிர்சாதம் பிடிக்காது. டக். வலது காதா? பல் விழுந்ததா, முளைத்ததா? பெயர். பெயரைப் பிடி. மாரி. மாரியம்மாளா? டக். மாரி... மழையா? மழை வரப்போகிறதா? யாருக்குத் தயிர்சாதம் பிடிக்காது?

டக்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கற்பகம் இரண்டு தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். மாதவன் புது டிஸ்கில் ஒரு பிறந்தநாள் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு வீட்டு விசேசம்?"

"தெரியல. பார்ட்டி பேரு போடாம விட்டுருக்கேன்."

"உள்ள நான் நிக்கேன் பாருங்க."

"சொந்தக்காரவுக வீடா இருக்கும். கூட்டிட்டுப் போயிருப்பேன்."

கற்பகம் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னத்துக்கு இப்படி அழுவுதீங்க?"

அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். சட்டைக் காலர்வரை நனைந்திருந்தது. காரணம் யோசித்தான். கிடைக்கவில்லை.

"காத்துல தூசி" என்றான். அவளும் ஏனென்று தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரையில் எல்லாரும் ஒரு காலி இடத்தைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஏழு மெழுகுவர்த்திகளின் சுடர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து அணைந்தன. திரைக்குள் இருந்த கற்பகம் ஒரு கேக் துண்டை எடுத்து, தன் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து, காற்றில் நீட்டினாள். கேக்கின் ஓரம் சின்னதாகக் கடிபட்டது. இன்னொரு கடி. சிரித்துக்கொண்டே அவள் முந்தானையை எடுத்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தை, மெதுவாக, ஒரு வாயைத் துடைப்பதுபோலத் துடைத்தாள்.