கொம்பில்லாத மோடம்

அனுஷியாவின் வகுப்பறை ஒரு பாறை.

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலை மலை உச்சியில் இருக்கும் அந்தப் பாறையில் ஏறினால்தான் போனில் டீச்சரின் குரல் கேட்கும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டே மாதம். தினமும் மாலையில் வகுப்பு. காலில் ஏறும் அட்டையைப் பிடுங்கிப் போடுவதிலேயே பாதிக் கணக்கு போய்விடும். மழை வந்தால் முழு வகுப்பும் போய்விடும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்பா செல்லச்சாமி அவளை மாத்தளைக் கடைக்குக் கூட்டிவந்தார், வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்க.

கடைக்காரர் நிஸ்தார் ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்பு மோடம். நாலு மூலையிலும் நாலு அன்டெனா.

"இதுதான் அண்ணன் நம்பர் வன். டவுன்ல எல்லா ஊட்லயும் இதுதான்."

செல்லச்சாமி வாயைப் பிளந்தார். "பாத்தியா பாப்பா, நாலு கொம்பு."

அனுஷியா மோடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிஸ்தார் நானாவிடம் கேட்டாள். "நானா, இதுல எந்த சிம்மும் போடலாமா?"

"இல்ல மகள். இந்தக் கம்பனி சிம் மட்டுந்தான்."

"அப்ப வேணாம்."

"ஏன், நெறம் புடிக்கலியா?" என்று நிஸ்தார் சிரித்தார்.

அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். ஒரு வாரமாக அப்பாவின் போன், மாமாவின் போன், அதே லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டுக் கிருஷ்ணம்மா அக்காவின் போன் என்று மூன்று கம்பனி போன்களையும் வாங்கி, வீட்டில் ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பார்த்து, எத்தனை கோடு சிக்னல் என்று எழுதி வைத்திருந்தாள்.

"நீங்க காட்டுற கம்பனிக்கு எங்க வீடு முழுக்க முட்டைதான். அக்காவோட சிம்முக்கு மட்டும் அடுப்படி ஜன்னலுக்கு மேல இருக்கிற பலகையில மூணு கோடு வருது. அங்க ஏறி நான் உக்காந்து படிக்க முடியாது. மோடம் உக்காரும்."

"கொப்பிய வச்சிப் பாடத்தப் படி மகள். லயத்துக்கு எது சரின்னு எங்களுக்குத் தெரியும்." நிஸ்தார் ஓர் ஒப்பந்தத் தாளை நீட்டினார். "அண்ணன், இதுல கையெழுத்து வைங்க."

செல்லச்சாமி பேனாவை எடுத்தார். தோட்டத்தில் யார் தாளை நீட்டினாலும் வாசிக்காமலே "சரிங்க" என்று கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அது.

அனுஷியா தாளின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"கைய எடு பாப்பா."

"எடுக்க மாட்டேன்ப்பா."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. ஆனால் கை அசையவில்லை.

"நானா, எங்க வீட்ல வேலை செய்யாட்டி திருப்பி எடுப்பேன்னு இதுல எழுதுங்க. கைய எடுக்குறேன்."

நிஸ்தார் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுதவில்லை.

செல்லச்சாமி பேனாவை மெதுவாக மூடினார். "எழுத மாட்டீங்களா தம்பி? அப்ப புள்ள கேக்குறதயே குடுங்க."

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, எந்த சிம்மும் போடக்கூடிய சின்ன வெள்ளை மோடம் ஒன்று வந்தது. கிருஷ்ணம்மா அக்காவுடைய கம்பனியின் புது சிம்மும் வந்தது.

"கொம்பில்லாத மாடு," என்றார் நிஸ்தார்.

"பால் குடுத்தாப் போதும் நானா," என்றாள் அனுஷியா.

வீட்டுக்கு வந்ததும் செல்லச்சாமி மோடத்தைப் பயபக்தியோடு சாமித் தட்டுக்குக் கொண்டுபோனார்.

"அங்க முட்டைப்பா. கொப்பியில இருக்கு."

மோடம் அடுப்படிப் பலகையில் ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. போனில் டீச்சரின் குரல் கணீரென்று கேட்டது.

"அனுஷியா, பாறையில நனையிறியா?"

"இல்ல டீச்சர். வீட்ல இருக்கேன்."

லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவிலுள்ள சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. அந்த இடைவெளி வழியாகக் கிருஷ்ணம்மா அக்காவின் குரல் வந்தது.

"பாப்பா, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வை. எங்க துஷாந்தும் இங்க கொப்பியோட உக்காந்துட்டான்."

செல்லச்சாமி பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"கொம்பில்லாட்டி என்ன? ரெண்டு வீட்டுக்குப் பால் குடுக்குதே."