டேப் சுற்றிய பிளக்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு டம்ளர் காபி போட்டான். கைப்பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுப்பது நின்று ஒரு மாதம் ஆகிறது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். காரில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருப்பினான்.

டிங். டிங். டிங்.

பெல்ட் மாட்டச் சொல்லும் மணி. அவன் மாட்டியிருந்தான். எரிந்த சிவப்பு விளக்கு பக்கத்து சீட்டுக்கானது. அது அவன் மனைவி உட்காரும் சீட். நான்கு மாதமாகக் காலி.

அலுவலகம் போகாமல் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டான். விபத்துக்குப் பிறகு முன்கண்ணாடியை மாற்றிக் கொடுத்த அதே மெக்கானிக்.

"பேய் புடிச்ச மாதிரி கத்துதுன்னுதான் சார் எல்லாரும் வருவாங்க. பாத்தா எலி வயரைக் கடிச்சிருக்கும்." சிரித்துக்கொண்டே டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். "ஆள் உக்காந்தா கனத்த வச்சு இந்த சென்சார் கண்டுபிடிக்கும். பிளக்கக் கழட்டிட்டா கப்சிப்."

டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

"சார், இது ஏற்கெனவே கழட்டித்தான் இருக்கு. டேப் வேற சுத்தியிருக்கு. இதால கத்தவே முடியாதே?"

அந்தக் கறுப்பு டேப் அவன் சுற்றியது. விபத்துக்கு முந்தைய வாரம். அந்த சீட்டின் பக்கிள் பழுதாகி, எத்தனை முறை அழுத்தினாலும் பெல்ட்டைப் பிடிக்காமல், மணி ஓயாமல் அடித்தது. பக்கிளை மாற்ற அரை நாள் வேண்டும். மணியை நிறுத்த ஐந்து நிமிடம் போதும்.

"பக்கிளும் போயிருக்கு சார். நாளைக்கு மாத்தித் தரேன். அதுவரைக்கும் பக்கத்துல யாரையும் ஏத்தாதீங்க."

"யாரும் இல்ல," என்றான்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் கிறீச்சிட்டு இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் வேறொரு மெல்லிய சத்தம் கேட்டது. ஈர சீட் துணியின் வாடைக்குள்ளிருந்து அவளுடைய ஷாம்பூ வாசனை நூல்போல் பிரிந்து வந்தது. முன்கண்ணாடியில் பக்கத்து சீட்டுக்கு நேராக மட்டும் ஆவி படர்ந்து, சுருங்கி, மறுபடி படர்ந்தது.

டிங்.

அவன் திரும்பவில்லை. போலீஸிடம் சொன்னதை, அத்தையிடம் சொன்னதை, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். "பெல்ட் போடுன்னு எவ்வளவோ சொன்னேன். அவ கேக்கல." மகளைப் பறிகொடுத்த அத்தைதான் அவன் தலையைத் தடவி, "உன்மேல தப்பில்லப்பா," என்றாள்.

சர்ர்ர். பெல்ட்டை உருவும் சத்தம்.

டக்.

பிடிக்கவில்லை.

டக். டக்.

பார்த்தான். காலி சீட்டின் குறுக்கே பெல்ட் விம்மி நின்றது. அதன் நுனி பக்கிளில் மோதியது. மறுபடி. மறுபடி. அவசரமாக.

அப்போது அவனுடைய பக்கிள் தானாகத் திறந்தது. பெல்ட் தோளிலிருந்து வழுக்கியது. எட்டிப் பிடித்து அழுத்தினான். டக். அழுத்தினான். டக். முன்னால் மழைக்குள் ஒரு லாரியின் பின்விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிரேக்கை மிதித்தான். வண்டி வழுக்கியது.

இரண்டு பக்கமும் ஒரே தாளம். டக். டக்.

அன்று அவள் கடைசியாகச் சொன்னது வேறு. அவன் யாரிடமும் சொல்லாதது.

"பெல்ட் மாட்டவே மாட்டேங்குதுப்பா. ஓரமா ஒரு நிமிஷம் நிறுத்தேன்."