கடைசிக் கவளம்

ஹார்ட்முட்டின் தலையணையில் ஓர் ஊசியிலை கிடந்தது. பச்சை இலை.

வீப்கே அதை எடுத்து முகர்ந்தாள். இப்போதுதான் ஒடித்தது போன்ற வாசனை. இந்த ஹார்ட்ஸ் மலையில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையே இல்லை. கணவன் ஹார்ட்முட்டின் தாத்தா சிப்பாய்களைப் போல வரிசை பிடித்து நட்ட காடு முழுவதையும் பட்டை வண்டு அரித்துவிட, மரங்கள் சாம்பல் நிறக் கழிகளாக நின்றன.

காலைச் சாப்பாட்டின்போது ஹார்ட்முட் இருமிக்கொண்டே இருந்தான்.

"தொண்டையில என்னமோ உறுத்துது, வீப்கே."

"நேத்து மான்கறியை எங்கே மென்னே? அப்படியே முழுங்கினே."

"உன் கைப்பக்குவம் அப்படி. என்னைக் குத்தம் சொல்லாதே."

அவள் சிரித்தாள். பிறகு ஏதோ உறைத்தது. "மானைச் சுட்டதும் அதோட வாயில கிளை வெச்சேல்ல?"

சுட்ட மிருகத்தின் பல்லிடுக்கில் ஒரு பச்சைக் கிளையை வைத்து, தொப்பியைக் கழற்றி நின்ற பிறகுதான் அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் கத்தியை எடுப்பார்கள். காடு கொடுக்கும் கடைசிக் கவளம் அது.

"பச்சைக் கிளைக்கு நான் எங்கே போவேன்? காஞ்ச குச்சியை வெச்சிருந்தா அது என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கும்." மறுபடி இருமினான். கைக்குட்டையில் பச்சை ஊசியிலைகள்.

பொழுது சாய்வதற்குள் அவனுக்கு மூச்சு இழுத்தது. அவனைக் கூடத்தில் படுக்கவைத்துவிட்டு வீப்கே சமையலறைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

"காஞ்ச மரமெல்லாம் ரோட்டுல சாஞ்சு கிடக்கும்மா. அறுத்துத் தள்ளிட்டுத்தான் மேல வர முடியும். அவரைத் தனியா விடாதீங்க."

போனை வைத்தபோது வீடெங்கும் பிசின் வாசனை அடர்ந்திருந்தது. ஓர் இலைகூட இல்லாத அந்தக் காட்டில் அடர்ந்த கிளைகளுக்குள் காற்று நுழைவது போல ஓர் இரைச்சல் எழுந்தது, அதனடியில் எதுவோ நிதானமாக அசைபோட்டு மெல்லும் ஒலியும். அது வெளியிலிருந்து வரவில்லை. கூடத்திலிருந்து.

"ஹார்ட்முட்?"

மெல்லும் சத்தம் நின்றது.

கூடத்துத் தரையில் பச்சைக் கிளைகள் பரப்பிக் கிடந்தன. அவற்றின்மேல் அவன். வலப்பக்கமாக ஒருக்களித்து. வேட்டை முடிந்ததும் மான்களைக் கிடத்துவார்களே, அப்படி. பற்களுக்கிடையே ஒரு கிளை. கண் மட்டும் அசைந்தது. அவளைப் பார்த்தது. பிறகு தன் பக்கத்தைப் பார்த்தது.

அங்கே இன்னோர் ஆளுக்கு இடம்.

அவளும்தான் அந்தக் கறியைத் தின்றிருந்தாள்.

ஓடு, என்றது மனம். முழங்கால்கள் மடங்கின. அவள் மடக்கவில்லை. கன்னத்தில் இலைகள் குத்தின. வலது கன்னம். மலையடிவாரத்தில் மரம் அறுக்கும் சத்தம். எங்கோ. வெகு தூரத்தில்.

தலைக்கு மேலே எதுவோ ஈரமாக மூச்சுவிட்டது.

அவள் வாய் தானாகத் திறந்தது.