பச்சைப் பவளத்தை வாட்டியது யார்?

அருணாவுக்கு இரண்டு நாளாக யாரைப் பார்த்தாலும் திருடன் மாதிரியே தெரிந்தது.

பின்னே? கோபிநாத் அண்ணன் கூடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து, ஆசை ஆசையாய் வளர்த்த பவளங்கள் திடீரென்று வெளுத்துச் சுருங்கிவிட்டன. பவளம் என்றால் மாலையில் கோக்கிற மணி இல்லை. பூவைப் போல விரிந்து நிற்கும் உயிருள்ள பிராணி. நத்தைகளும் செத்துக் கிடந்தன. மிஞ்சியது ஒரே ஒரு பச்சைப் பவளம். அதுவும் வாடிக்கொண்டிருந்தது.

திருச்சியில் வேலை முடிந்து பஸ் பிடித்துக் கீரனூர் வந்த அண்ணன், பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தான். உப்பு சரி. சூடு சரி. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு இரை கேட்டன.

"மீன் தாங்குது, நத்தையும் பவளமும் சாகுது. அப்படின்னா தண்ணியில செம்பு கலந்திருக்கும் அருணா. கம்பியோ காசோ விழுந்திருக்கா பாரு. கண்டுபிடிக்கலேன்னா இந்தப் பச்சையும் போயிரும்."

இருவரும் மணலைக் கிளறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அருணாவுக்குப் பொறி தட்டியது. அடுத்த தெரு ஷர்லி! தினமும் மீன் பார்க்க வருகிறவள். அவள் கையில் செம்பு வளையல்!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லு. தொட்டிக்குள்ள கைய விட்டியா இல்லையா?"

"சத்தியமா விடலடி! கண்ணாடிய மட்டும்தான் தொட்டேன்."

"பொய் சொல்லாத. இனிமே எங்க வீட்டுக்கு வராத!"

ஷர்லி அழுதுகொண்டே வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவள் வரவே இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் பச்சைப் பவளம் இன்னும் சுருங்கியிருந்தது. அப்படியானால் வேறு யார்? சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காவல் இருந்தாள்.

முதலில் அப்பா வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். தொட்டிக் கண்ணாடியில் மீசையைத் தடவிச் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து அம்மா. தொட்டியில் குறைகிற தண்ணீரை நிரப்புவது அவர் வேலை. இடுப்பில் பளபளவென்று ஒரு செம்புக் குடம்!

"அம்மா! அதுலயா ஊத்துறீங்க?"

"ஃபில்டர் தண்ணிதான்டி, அண்ணன் சொன்ன அதே தண்ணி. குடம்தான் புதுசு. செம்புல ராத்திரி முழுக்க வச்சிருந்து குடிச்சா ஒடம்புக்கு நல்லதாம். நமக்கு நல்லதுன்னா அதுகளுக்கும் நல்லதுதான?"

அருணா வாயைத் திறந்தாள். கத்த வரவில்லை. "அதுகளுக்குச் செம்பு ஆகாதாம்மா," என்றாள் மெதுவாக.

அம்மாவின் முகம் வாடிப்போனது. "அய்யய்யோ, நானா கொன்னேன்?"

"தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்கம்மா."

சொன்ன கையோடு அவளுக்கே சுருக்கென்றது. அம்மாவிடம் இவ்வளவு பதமாகப் பேசத் தெரிந்த வாய், ஷர்லியிடம் மட்டும் ஏன் அப்படிப் பேசியது?

அண்ணன் உடனே தொட்டித் தண்ணீரை மாற்றத் தொடங்கினான். அருணா அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

"தப்பு எம்மேலதான் ஷர்லி. ஒன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

ஷர்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பச்சை இருக்கா, போயிருச்சா?" என்று கேட்டாள்.

"இருக்கு. வா, வந்து பாரு."

கொஞ்ச நாளில் பச்சைப் பவளம் மெல்ல விரிந்தது. அருணா பிளாஸ்டிக் மக்கை ஷர்லியிடம் நீட்டினாள். "இனிமே தண்ணி ஊத்துறது ஒன் வேலை."

ஷர்லி ஊற்றினாள். அருணா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.