சீவச் சீவ

சக்கரத்தை நிறுத்தியதும் அந்த முனகலும் நின்றது.

கத்தியக்கா முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. மருத்துவமனையின் தரைத்தளத்தில் திசுப் பரிசோதனைக் கூடம், அதற்கு நேர் மேலே ஆண்கள் வார்டு. குழாயில் தண்ணீர் ஓடுவதும், கட்டில் கால்கள் இழுபடுவதும், யாராவது இருமுவதும் கூரை வழியாகக் கசிந்து வருவது வழக்கந்தான். அதுவும் அன்று சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து, பக்கத்து அறையிலிருந்த டாக்டரம்மாவைத் தவிர எல்லோரும் கிளம்பிவிட, பார்மலின் நெடியும் உருகிய மெழுகின் வாசனையும் மட்டும் தங்கியிருந்த அந்த அறையில் சுவர்க்கடிகார முள் நகர்வதுகூடத் தனியாகக் காதில் விழுந்தது.

பதினேழு வருடமாக அவள் சுற்றும் சக்கரம் அது. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, இயந்திரத்தில் பொருத்திச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஒரு சீவலாக, மயிரிழையைவிட மெல்லிய படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கத்தியின் விளிம்பிலிருந்து ரிப்பன்போல இறங்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, சாயமேற்றி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். அவள் சீவினால் கிழியாது. அதனால்தான் துறையில் அவளுக்கு அந்தப் பெயர். பெற்ற மகளே அவளை அப்படிக் கூப்பிட்டுக் கேலி செய்வாள்.

மறுபடி சுற்றினாள். கூரைக்கு மேல் முனகல். நிறுத்தினாள். அமைதி.

மெழுகில் இருந்தது ஒரு பஸ் டிரைவரின் கழுத்துக் கட்டியில் எடுத்த, பட்டாணியில் பாதி அளவுச் சதை. முதலில் சீவிய ஸ்லைடில் எதுவும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது இந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது என்பதால், இன்னும் ஆழமாகச் சீவித் தரும்படி டாக்டரம்மா சொல்லியிருந்தார். இளகிவிட்டிருந்த மெழுகுக்கட்டியைக் கழற்றி ஐஸ் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, கத்தியக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஜன்னலருகே டிரைவரின் மனைவி வந்து நின்றாள்.

ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டாள். சாயங்காலம் ஆகும் என்றதும் போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நல்லாத்தான் இருந்தாரு. பதினோரு மணிக்கு ஆரம்பிச்சுது. துடிக்கிறாரு, திடீர்னு நின்னுடுது. மறுபடி துடிக்கிறாரு. ஊசி போட்டும் கேக்கலைங்க."

இந்த மெழுகுக்கட்டியை அவள் முதன்முதலாக இயந்திரத்தில் பொருத்தியது பதினோரு மணிக்கு.

அந்தப் பெண் மாடியேறிப் போனபின், கத்தியக்கா வேறொரு நோயாளியின் மெழுகுக்கட்டியை எடுத்துப் பொருத்திச் சுற்றினாள். பத்துச் சுற்று. மேலே சத்தமே இல்லை. அதைக் கழற்றிவிட்டு, ஐஸிலிருந்து டிரைவருடையதை எடுத்து மாட்டினாள். கை வியர்த்து, கைப்பிடி வழுக்கியது. ஒரே ஒரு சுற்று.

மேலே ஒரு மனிதன் வாய்விட்டு அலறினான்.

சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள். சொல்லும்போதே தன் பேச்சு தனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, இரண்டு நாள் லீவு போட்டு ஓய்வெடுக்கும்படி தணிந்த குரலில் சொன்னார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரை அந்தக் கட்டியைத் தொட வேண்டாம் என்று அவள் கெஞ்ச, சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

டிரைவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கதவளவு மனிதர், குழந்தைபோலச் சுருண்டிருந்தார். கழுத்தில் சின்னதாக ஒரு கட்டு. தலையணை வியர்வையில் ஊறியிருந்தது. கீழே லேபில் வேலை செய்பவள் என்று சொல்லி, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"வெட்டுற மாதிரி இல்லம்மா. சீவுற மாதிரி. மெல்லிசா. ஒவ்வொண்ணா." அவர் எச்சில் விழுங்கினார். "நடுவுல கொஞ்ச நேரம் கழுத்துல ஐஸ் வெச்ச மாதிரி இருந்துச்சு. அப்ப பரவாயில்ல."

கத்தியக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மெழுகுக்கட்டியை என்ன செய்வது? உருக்கினால்? எரித்தால்? பூட்டி வைத்தால், எத்தனை வருடத்துக்கு?

கைபேசி அடித்தது. டாக்டரம்மா.

"அக்கா, சர்ஜன் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். நீங்க மெதுவா வாங்க. நானே சீவிக்கிறேன்."

"வேணாம் டாக்டர். கைய எடுங்க."

போனை மேசைமேல் வைக்கும் ஓசை. பூட்டு விடுபடும் ஓசை.

சக்கரம்.

டிரைவர் அலறவில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றது. கழுத்துக் கட்டு தளர்ந்து சரிந்தது. காதுக்குக் கீழே தோலின் விளிம்பு எழுந்தது. ரத்தம் இல்லை. வெளிச்சம் ஊடுருவும் ஒரு படலம். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று. இன்னொன்று.

கத்தியக்கா போனில் கத்தினாள். சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து டாக்டரம்மாவின் குரல், சந்தோஷமாக.

"ரிப்பன் அழகா வருதுக்கா."

மனைவி பாய்ந்து வந்து இரண்டு கைகளாலும் அவர் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். அவள் விரலிடுக்குகளில், கிழியாமல், சுருங்காமல், அது இறங்கிக்கொண்டே இருந்தது. தலையணைமேல். கட்டில் விளிம்பில். தரையில்.