உளவாளியின் கடைசித் தாள்

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலி, முதுகுவலி எல்லாம் அடங்கியிருக்கா? அப்போ சாஞ்சு உட்காருங்க, கதைக்குப் போவோம்.

காலை பத்து மணி. கண்டக்டரம்மா கட்டிலில் சாய்ந்தபடி, ரேடியோவில் ரகசியச் செய்தி அனுப்பும் ஒரு உளவுக்காரியைப் பற்றிய நாவலின் முடிவுக்கு வந்திருந்தாள். ‘துரோகி யார்?’ என்ற கேள்வியோடு பக்கம் முடிந்தது. அடுத்த தாளைக் காணோம்! போன வாரப் புத்தகத்திலும் இதே கதிதான்.

பஸ் படியில் விழுந்ததில் அவள் கால் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தரையில் பாதம் பட்டாலே உடம்பு உதறியது. நடக்காவிட்டால் வேலை போய்விடும். அந்த அறையே அவளுக்குச் சிறையாகிவிட்டது.

துணைக்கு உளவாளிகள்தான். பழைய கதைகளில் அவர்கள் சீமான் வீட்டுப் பிள்ளைகள். விளையாட்டுப் போல உளவு பார்த்தார்கள். உலகப் போர்களுக்குப் பிறகு வந்தவர்களோ சம்பளத்துக்கு உழைத்துக் களைத்தவர்கள். எதிரி நாட்டில் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ள, நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்கள். அவர்களைத்தான் இவளுக்குப் பிடிக்கும்.

டிக்கெட் எடுக்காதவனை முழியை வைத்தே பிடிக்கிறவள் விசாரணையைத் தொடங்கினாள். முதலில் கணவர்.

"ஏங்க, இந்தப் புத்தகத்தைப் பிரிச்சீங்களா?"

"நானா? லைப்ரரியில வாங்கினேன், சாப்பாட்டு மேஜையில வெச்சேன். அட்டையைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வருது."

அடுத்து மாமியார்.

"நீங்க, அத்தை?"

"கண்ணாடி உடைஞ்சு ஒரு மாசமாச்சு. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. உன் ரேடியோக்காரி கால்ல குண்டோட எல்லையையே தாண்டிட்டா, நீ இந்த வாசப்படியைத் தாண்ட மாட்டேங்கறே!"

முணுமுணுத்தபடி சமையலறைக்குப் போய்விட்டார். வழக்கமான திட்டு என்று கண்டக்டரம்மா காதிலேயே வாங்கவில்லை.

பதினொன்றரை மணி. திடீரென்று பொறி தட்டியது.

"அத்தை! மாட்டிக்கிட்டீங்க!"

மாமியார் அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். "என்னத்தை?"

"ரேடியோக்காரி குண்டடி படறது கடைசி அத்தியாயத்துல. நான் யார்கிட்டயும் சொல்லலை. அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கண்ணாடி இல்லாத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்கதான் கிழிச்சீங்க!"

"ஆமா. ரெண்டு தாளும் மேல் தட்டுல பத்திரமா இருக்கு. ஒட்டித் தந்துடறேன்."

"எதுக்கு இந்த வேலை?"

மாமியார் இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"பெரிய துப்பறிவாளி! அது கிடக்கட்டும். நீ இப்ப எங்கே நிக்கறே?"

கண்டக்டரம்மா குனிந்து பார்த்தாள். சமையலறைத் தரை. அதன்மேல் அவளுடைய இரண்டு பாதங்கள்.

உங்க வீட்டுல இப்படி உங்களைக் கிளப்பிவிட்ட திருடர் யாரு? கையோட எழுதிப் போடுங்களேன்.